நாளிட்ட குறிப்பேடுகள்

நுழையும்முன்

அறிவியல் செய்முறை ஏட்டில் நாள் குறிக்க மறந்து ஆசிரியரிடம் திட்டு வாங்காத மாணவர் அரியர். விடை சரியாக இருக்கும்போது நாள் எதற்கு என்று நீங்களும் எண்ணியிருப்பீர்கள். ஓர் அறிஞரின் ஏடுகளைக் கொண்டு இப்பாடம் அதற்கு விடை தேடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில் டி.என்.ஏ. பற்றிய பாடத்தில் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் ஆகியோரின் பெயர்களுக்கு அருகே, எக்ஸ் கதிர்த் தரவுகளைத் தந்தவர்களுள் ஒருவராக ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெயரும் வரும். ஒரு தொடரில் வந்து, ஒரு தொடரிலேயே மறைந்துவிடும்.

அவர் 1920ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் வேதியியல் பயின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து, அந்த ஆய்வுக்காக 1945இல் முனைவர் பட்டம் பெற்றார். 1947இல் பாரிஸ் சென்று, எக்ஸ் கதிர்களைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பை அறியும் கலையில் தேர்ந்தார். 1951 சனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வில் சேர்ந்தார்.

அந்தக் கலையைச் சற்று விளங்கிக்கொள்வோம். ஒரு பொருளின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அதன் அணுக்களில் பட்டுச் சிதறும் கதிர்கள் பின்னால் வைத்த படத்தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அது அப்பொருளின் உருவப்படம் அன்று. வாசலில் வைத்த கோலப் புள்ளிகளை மட்டும் பார்த்து, பாட்டி இழுக்கப்போகும் கோடுகளை ஊகித்துச் சொல்வது போன்ற கடினமான வேலை அது. ஊகத்துக்குக் கணக்குத்தான் துணை. அந்நாளில் கணிப்பொறியின் உதவி அரிது. மாதக்கணக்கில் கையால் கணக்கிட வேண்டியிருந்தது.

பிராங்க்ளின் முதலில் செய்தது ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தியது. மயிரினும் மெல்லிய டி.என்.ஏ. இழை, ஈரப்பதம் 75 விழுக்காட்டளவில் இருந்தால் ஒருவகைப் படத்தையும், 90 விழுக்காட்டைத் தாண்டினால் வேறுவகைப் படத்தையும் தருவதை அவர் கண்டார். முன்னதை ‘ஏ’ வடிவம் என்றும், பின்னதை ‘பி’ வடிவம் என்றும் பிரித்தார். அதுவரை எடுக்கப்பட்ட படங்கள் பல, இரண்டும் கலந்து குழம்பியவை. 1952 மே மாதத்தில் அவருடைய மேற்பார்வையில் மாணவர் ரேமண்ட் காஸ்லிங், ஏறத்தாழ 60 மணி நேரம் கதிரைச் செலுத்தி, ‘பி’ வடிவத்தின் மிகத் தெளிவான படமொன்றை எடுத்தார். 51 என எண்ணிடப்பட்ட அப்படத்தின் நடுவே பெருக்கல் குறிபோல் புள்ளிகள் அமைந்திருந்தன. சுருள் வடிவத்தின் அடையாளம் அது.

ஆயினும் பிராங்க்ளின் அதை ஒதுக்கிவைத்து, மிகுதியான புள்ளிகளைத் தந்த ‘ஏ’ வடிவத்தையே கணக்கிடத் தொடங்கினார். அந்த வடிவம் சுருளன்று என்றும் சிலகாலம் எண்ணினார். சூலை 18ஆம் நாளிட்டு, படிக டி.என்.ஏ. சுருள் காலமாகிவிட்டதாகக் கருப்புக் கரையிட்ட இரங்கல் அட்டை ஒன்றை அவரும் காஸ்லிங்கும் விளையாட்டாக எழுதினர். அறிவியலரும் குறும்பு செய்வர்! அந்தக் குறும்பு பின்னாளில் அவருக்கு எதிராகவே பேசப்பட்டது.

1953 சனவரி இறுதியில், உடன் பணியாற்றிய மாரிஸ் வில்கின்ஸ், பிராங்க்ளின் அறியாமல் 51ஆம் படத்தை வாட்சனிடம் காட்டினார். அடுத்து, பிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய அறிக்கையும் கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக்கின் கைக்குச் சென்றது. வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் மாதிரியை அமைத்தனர். ஏப்ரல் 25ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. பிராங்க்ளின், காஸ்லிங் கட்டுரையும் அதே இதழில், மூன்றாவதாக, அம்மாதிரிக்குச் சான்று கூறுவதுபோல் இடம்பெற்றது.

பிராங்க்ளின் அதற்குள் பர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைத் தேமல் நச்சுயிரியின் அமைப்பை ஆராயத் தொடங்கியிருந்தார். 1956இல் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு இடையிலும் பணியை விடவில்லை. பிரசல்ஸ் உலகக் கண்காட்சிக்காக அந்த நச்சுயிரியின் பெரிய மாதிரி ஒன்றை உருவாக்கினார். கண்காட்சி 1958 ஏப்ரல் 17 அன்று திறக்கப்பட்டது. அவர் மறைந்தது அதற்கு முதல் நாள். அகவை 37.

1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். 1968இல் வாட்சன் தம் நினைவுகளை நூலாக்கினார். அதில் பிராங்க்ளின், தம் படங்களின் பொருளையே உணராத, கடுகடுத்த பெண்ணாகத் தோன்றுகிறார். மறுத்துப் பேச அவர் உயிருடன் இல்லை. அவருடைய குறிப்பேடுகள் இருந்தன. பர்க்பெக்கில் அவருடன் பணியாற்றிய ஆரன் குளூக் அவற்றை நாள்வாரியாகப் படித்து, அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1953 பிப்ரவரியில் பிராங்க்ளின் மீண்டும் ‘பி’ வடிவத்துக்குத் திரும்பியதையும், 24ஆம் நாளளவில் இரு வடிவங்களும் இரட்டை இழைச் சுருள்களே என்னும் முடிவுக்கு வந்துவிட்டதையும் ஏடுகள் காட்டின. பின்னர் தட்டச்சிட்ட கட்டுரை வரைவு ஒன்றைப் பற்றியும் 1974இல் குளூக் எழுதினார். வரைவின் நாள் 1953 மார்ச்சு 17. கேம்பிரிட்ஜ்க் கட்டுரையின் படி கிங்ஸ் கல்லூரியை அடைந்தது மறுநாள்தான்!

அந்த ஏடுகள் அவரைப் புகழ மட்டும் செய்யவில்லை. இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுவதையும், காரங்கள் குறிப்பிட்ட இணைகளாகவே சேர்வதையும் அவர் எட்டியிருக்கவில்லை என்பதையும் அவையே சொல்கின்றன. தவறான வழியில் சென்ற மாதங்களும் அவற்றில் அடித்தல் திருத்தல்களோடு அப்படியே உள்ளன. இதனாலேயே நான் அவற்றை நம்புகிறேன்.

பிராங்க்ளினின் தாள்கள் இன்று கேம்பிரிட்ஜில், இரட்டைச் சுருள் மாதிரி உருவான அதே ஊரில், சர்ச்சில் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1953இல் ‘டைம்’ இதழுக்காக எழுதப்பட்டு அச்சேறாத ஒரு கட்டுரை வரைவும் அவற்றுள் இருந்தது. ஏமாந்த பெண்ணாக அன்றி, அக்கண்டுபிடிப்பில் சமபங்கு உடையவராக அது அவரைக் காட்டுகிறது. ஆய்வாளர் இருவர் அவ்வரைவைப் பற்றி எழுதியது 2023இல். எழுபது ஆண்டுகள் அத்தாள் காத்திருந்தது.

பயிற்சி

1. பிப்ரவரி 24, மார்ச்சு 17 ஆகிய நாள்கள் குறிக்கப்படாதிருந்தால் குளூக் எதை நிறுவியிருக்க முடியாது?

2. இரங்கல் அட்டையைப் பற்றி இப்பாடத்தில் கூறியது தேவைதானா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. பிரித்து எழுதுக: குறிப்பேடு, அளவீடு, உள்ளமைப்பு.

4. உம் வீட்டில் உள்ள பழைய கடிதம், அஞ்சலட்டை, பயணச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் உள்ள நாளையும் ஊரையும் கொண்டு, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டறிந்து, அன்று நடந்ததைப் பத்து வரிகளில் எழுதுக. எழுதிய நாளையும் குறிக்க.