தலைநகருக்கு ஒரு பயணம், பாயில் இருந்தபடியே

நமது நாட்டின் தலைநகர் எது? செட்டிபாளையத்தில் எமது மாலை வகுப்புக்கு வருகின்ற பிள்ளைகளிடம் இக்கேள்வியைக் கேட்டோம். "கொழும்பு" என்று ஒரே குரலில் பதில் வந்தது. பின்னால் பாயில் அமர்ந்திருந்த தாய்மாரும் தலையை ஆட்டினார்கள்.

அதைப் பிழை என்று அடித்துச் சொல்லவும் மனம் வரவில்லை. துறைமுகமும் வங்கிகளும் பெரிய வியாபாரமும் கொழும்பில்தான். ஆனால் பாராளுமன்றம் 1982 ஏப்ரல் 29ஆம் திகதி ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேக்குப் போய்விட்டது. புகையிரதம் போய் நிற்பது கொழும்பு கோட்டை, தலைநகர் கோட்டே. ஓரெழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் இடையில் பத்துக் கிலோமீற்றரளவு தூரம் உண்டு. இதை அறியாமல் இறங்கி அலைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே, யாரும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் தலைநகருக்குப் போய் வருவது என்று தீர்மானித்தோம். வேண்டியது சீமெந்துத் தரை, நாலு வெண்கட்டி, ஒரு பிடி புளியங்கொட்டை, சில வெற்றுத் தீப்பெட்டிகள். கைத்தொலைபேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் நமது வாவியை வரைந்தோம். இதில்தான் அதிக நேரம் போயிற்று. எழுவான்கரை ஒரு பக்கம், படுவான்கரை மறுபக்கம், குறுக்கே பட்டிருப்புப் பாலம், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் போகும் படகுத்துறை. பெரியவர்கள் எழுந்து வந்து வெண்கட்டியைப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். தம் வயல் இருந்த இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு புளியங்கொட்டை வைத்தார்கள். அநேகமாக எல்லாக் கொட்டைகளும் படுவான்கரையிலேயே விழுந்தன.

பிறகு ஓர் அடி 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டு நடந்தோம். ஏறாவூர், வாழைச்சேனை, வெலிகந்தை, பொலன்னறுவை, கல்லோயாச் சந்தி, மாகோ, குருநாகல், பொல்காவலை என்று புகையிரதப் பாதை போகிறது. பதினைந்து அடிக்கு மேல் நடந்தபின்தான் கொழும்பு வந்தது. கொழும்பிலிருந்து ராஜகிரியவைத் தாண்டினால் தியவன்னா என்ற நீர்ப்பரப்பு. அதன் நடுவேயுள்ள தீவில் பாராளுமன்றக் கட்டடம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா செப்புக் கூரையிட்டு அமைத்தது அது. நீலச் சீலைத் துண்டொன்றை விரித்து அதன்மேல் ஒரு தீப்பெட்டியை வைத்தோம்.

அந்த நீர்ப்பரப்பின் கதை விவசாயிகளுக்கு விளங்கும். அது பெரும்பாலும் சேறும் கைவிடப்பட்ட வயலுமாகக் கிடந்த தாழ்நிலம். அதைத் தோண்டி ஏரியாக்கினார்கள். அதைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் மழைவெள்ளத்தைத் தாங்கி வைத்திருப்பதால்தான் கொழும்பு ஓரளவு தப்புகிறது. நிரப்பிய இடங்களில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. 2018இல் கொழும்பு ஈரநில நகரமாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றதும் இவற்றை வைத்துத்தான். "வெள்ளம் வாவிக்குப் போகிற வழியை அடைச்சா ஊருக்குள்ளதானே வரும்" என்றார் ஒரு தகப்பன். அதற்குமேல் நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோட்டே புதிய ஊரல்ல. 14ஆம் நூற்றாண்டில் அழகேசுவரன் என்ற அமைச்சன், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் படையைத் தடுக்க அங்கே அரண் கட்டினான். 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகுவின் இராசதானியாயிற்று. அவனுக்காக யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப் பெருமாள் பின்னர் கோட்டேயிலேயே அரசனானான். 1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கியபோது, சில மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய வழியை மறைத்து, மூன்று நாள் சுற்றிச் சுற்றி அவர்களைக் கோட்டேக்கு அழைத்துப் போனார்கள் என்பது கதை. "பறங்கி கோட்டேக்குப் போன மாதிரி" என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1565இல் அந்த நகரம் கைவிடப்பட்டது. அரசு கொழும்புக்குப் போயிற்று.

பறங்கியின் கதைக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு தாய் சிரிக்கவில்லை. அவருடைய காணி அனுமதிப்பத்திரம் ஓடி வந்தபோது தொலைந்துவிட்டது. "கொழும்புக்குப் போய்த்தான் எடுக்கவேணும், நான் எடுத்துத் தாறன்" என்று ஒருவர் சொல்ல, காப்பை அடகு வைத்து அவரிடம் பணம் கொடுத்திருக்கிறார். பத்திரமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

அன்றைய பாடம் அந்த இடத்தில் திரும்பிவிட்டது. எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடத் தொடங்கினோம்.

காணி ஆணையாளர் நாயகத்தின் திணைக்களம் பத்தரமுல்லையில், பாராளுமன்றத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தின் பதிவு பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் இருக்கும். எந்தப் பிரதேச செயலகம்? நாம் இப்போது குடியிருக்கும் இடத்ததல்ல, காணி கிடக்கும் இடத்தது. செட்டிபாளையத்தில் இருப்பவர் களுவாஞ்சிகுடிக்குப் போய் நின்று பயனில்லை. வயல் போரதீவுப்பற்றில் என்றால் வெல்லாவெளிக்கும், மண்முனை தென்மேற்கில் என்றால் கொக்கட்டிச்சோலைக்கும், மண்முனை மேற்கில் என்றால் வவுணதீவுக்கும் போகவேண்டும். ஜனாதிபதியின் கையொப்பத்துடன் அளிப்புப் பத்திரம் பெற்றவர்களும் நொத்தாரிசு எழுதிய உறுதி உள்ளவர்களும் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதி அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அடையாள அட்டை பத்தரமுல்லையில் அச்சாகிறது; ஆனாலும் விண்ணப்பத்தை நமது கிராம உத்தியோகத்தர் மூலமே தொடங்கலாம்.

அந்தத் தாய் தாமே எழுந்து வந்து, நீலச் சீலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, பதினைந்து அடி திரும்பி நடந்து, வெல்லாவெளியில் வைத்தார். "இவ்வளவு கிட்டவா?" என்று மட்டும் கேட்டார்.

கிட்ட இருப்பதால் உடனே கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பேரேடு பழுதடைந்திருக்கலாம், உத்தியோகத்தர் நாளை வா என்று சொல்லலாம். அப்படியானால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, "என் காணியின் பேரேட்டுப் பதிவு உங்களிடம் உள்ளதா?" என்று எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

இறுதியாகச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "அந்தத் தீவுக்குள்ள நம்மட ஆக்கள் இருக்காங்களா?" 225 உறுப்பினர்களில் ஐந்து பேரை மட்டக்களப்பு மாவட்டம் அனுப்புகிறது. ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணித் தீப்பெட்டிக்குள் போட்டான்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதி வாருங்கள்: வயல் இருந்த கிராம உத்தியோகத்தர் பிரிவு, நான்கு எல்லையிலும் இருந்த காணிக்காரர்களின் பெயர், பத்திரம் யாருடைய பெயரில் எந்த ஆண்டு கிடைத்தது. அப்பு, ஆச்சி உயிரோடு இருந்தால் அவர்களிடம் இன்றே கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கூட்டிவந்து சொல்லுங்கள், நாம் எழுதித் தருவோம்.