நரம்புப் பரிசோதனைக் கல்வி: நம் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள்



சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிந்தால் மருத்துவர் என்.சி.எஸ். பரிசோதனைக்கு எழுதுகிறார். தசை மெலிந்தால் இ.எம்.ஜி.; பிள்ளைக்கு வலிப்பு வந்தால் இ.இ.ஜி. முதலாவது, நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளக்கிறது. இரண்டாவது, மெல்லிய ஊசி மூலம் தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கிறது. மூன்றாவது, மூளையின் மின் அலைகளைப் பதிகிறது.

கருவி எண்ணைத்தான் தரும். நோயைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நலமான கை நரம்பில் வேகம் விநாடிக்குச் சுமார் 50 மீட்டருக்கு மேல் இருக்கும். கை குளிர்ந்திருந்தாலே அது குறைந்துவிடும். கவனிக்காதவர் நோய் என்று எழுதிவிடுவார். வலிப்பு நோயாளிக்கும் இ.இ.ஜி. சில வேளை சரியாகவே வரும். அதை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. இவற்றைப் பிரித்தறியும் திறனை மூத்தவர்களின் மேற்பார்வையில் பெறுவதே ஃபெல்லோஷிப் பயிற்சி.

மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் வகைப்படுத்தினார்கள். சிலர் கற்றால் ஊரின் கடமை நிறைவேறும். ஒருவரும் கற்காவிட்டால் பொறுப்பு எல்லோர் மீதும்.

முதல் வழி நீண்டது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, நரம்பியல் டி.எம். 3 ஆண்டு. அதன்பின் ஓராண்டு ஃபெல்லோஷிப். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்றவற்றில் வலிப்பு நோய்த் துறையில் இத்தகைய பயிற்சி உண்டு. முதல் படி நம் ஊரிலேயே, 1997இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. முடிக்கும்போது வயது முப்பதைத் தாண்டும்.

இரண்டாவது வழி குறுகியது. பரிசோதனையைச் செய்து பதிவு எடுக்கும் தொழில்நுட்பருக்கு பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி, பயிற்சியுடன் 4 ஆண்டு. பிளஸ் 2வில் அறிவியல் படித்தவர்கள் மருத்துவத் தேர்வுக்குழு மூலம் விண்ணப்பிக்கலாம். 'நீட்' கைகூடவில்லை என்று முடங்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் மறக்க வேண்டாம். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தனவந்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவி என்றால் முதலாண்டுக் கட்டணம் என்றே நினைக்கிறோம். எம்.பி.பி.எஸ். முடித்தவரிடம், "இனி சம்பாதிக்கலாமே" என்கிறோம். குடும்பப் பாரம் அழுத்தி மேற்படிப்பு நின்றுபோவது அந்த இடத்தில்தான். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள நோயாளி எந்தச் சமூகத்தவராயினும் பயன்பெற, ஒரு மாணவரையேனும் கடைசிப் படிவரை தாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.