அரசியல்வாதியிடம் பிள்ளைகளுக்காகப் பேசும்போது

கொழும்பில் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைத் தோட்ட வீடுகளில் சிறுவர் பராமரிப்பு வேலை பார்க்கிறவள் நான். அம்மா குவைத்தில், அப்பா எங்கேயோ, பிள்ளை அம்மம்மாவிடம். இங்கே இது வாடிக்கையான கதை. அம்மம்மாவுக்கு முடியாமல் போனால் சிறுவர் இல்லம்தான். இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைச் சொந்தக் குடும்பத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளர்க்க வேண்டும் என்றுதான் 2019இல் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை வந்தது. அதற்குக் காசும் ஆளும் ஒதுக்குவது அரசியல்வாதிகளின் கையில். அவர்களோடு பேசிப் பழகியதில் படித்தவை இவை.

யாரிடம் எதைக் கேட்பது?
அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவை மாகாணத்துக்குப் போனது. மேல் மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. தேர்தல் இழுபட, பொறுப்பு ஆளுநரிடம். நன்னடத்தை உத்தியோகத்தர் வெற்றிடங்களைப் பற்றி அங்கேதான் எழுத வேண்டும். சட்டத் திருத்தம் எம்.பி.மாரின் வேலை. மாநகர சபை உறுப்பினரிடம் அடைத்துக் கிடக்கும் கானையும் மலசலகூடத்தையும் சொல்லுங்கள். சில வேளை பிள்ளை வீட்டோடு இருக்க அதுவே போதும்.

இருக்கிற சட்டத்தைக் காட்டுங்கள்
"புதுச் சட்டம் வரட்டும் மிஸ்" என்று தள்ளிப்போடுவார்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படியே, உறவினரோ பிறரோ, தகுதியான ஒருவரிடம் நீதிமன்றம் பிள்ளையை ஒப்படைக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு மாதக் கொடுப்பனவும், போய்ப் பார்க்க உத்தியோகத்தரும் கேளுங்கள்.

பெயர் வாங்கவும் வழி விடுங்கள்
இல்லத்துக்குக் கட்டடம் கட்டினால் பெயர்ப்பலகை வைக்கலாம். வளர்ப்புக் குடும்பத்துக்கு ஏது திறப்பு விழா? "ஹோம்ல சாப்பாடு நல்லாத்தானே குடுக்கிறாங்க, பிறகென்ன மிஸ்?" என்றார் ஒருவர். நான் கொள்கையை எடுக்கவில்லை. "உங்கட மகளுக்கு ராவில காய்ச்சல் வந்தா யார் சேர் பக்கத்தில படுக்கிறது?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்டார். அப்படிக் கேட்பவருக்குப் பாராளுமன்றத்தில் எழுப்ப ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். ஹன்சார்டில் அவர் பெயர் இருக்கும்.

ஒரே பக்கம்
கொடுக்கும் கடிதத்தை முதலில் வாசிப்பவர் செயலாளர். கோரிக்கை முதல் வரியிலேயே வரட்டும், சிங்களத்திலும் தமிழிலும்.

பிள்ளையைக் காட்டாதீர்கள்
பெயர், படம், தோட்டத்தின் பெயர் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தைச் சொன்னாலே இங்கே ஆளைப் பிடித்துவிடுவார்கள். இல்லத்தில் வளர்ந்து வெளியே வந்த இளைஞர்கள் தாங்களாக விரும்பினால் அவர்களை அழைத்துப் போங்கள். அவர்கள் பேசினால் எடுபடும்.

எல்லாக் கட்சிக்கும் கொடுங்கள்
பாராளுமன்றத்தில் சிறுவருக்கான ஒன்றியத்தில் பல கட்சியினரும் இருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்கும் அதே பக்கத்தைக் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக் கோப்பில் போடுங்கள். ஆள் மாறினால், புதிதாக வருபவரிடம் முதலில் அந்தக் கோப்பை நீட்டலாம்.