கொடுமணல்

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இன்று இவ்வூரைக் காண்போர் வயல்களையும் வேலிகளையும் சில வீடுகளையுமே காண்பர். ஆயின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இது கடல் கடந்த நாடுகளோடும் தொடர்புற்ற தொழில் நகரமாய் விளங்கிற்று. அத்தகைய சிறப்பு இவ்வூர்க்கு எவ்வாறு வாய்த்தது? அதனை அறிய இதன் நில அமைப்பினை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் காவிரியோடு கலக்கின்றது. மேற்கு மலைத்தொடர் பருவமழையைத் தடுத்து நிற்றலால் கொங்குச் சமவெளியில் மழை குறைவு. எனினும், அம்மலைத்தொடரிடையே பாலக்காட்டுக் கணவாய் என்னும் இடைவெளி உண்டு. மேலைக் கடற்கரையினின்றும் புறப்பட்ட வணிகர் அதன்வழி நுழைந்து, நொய்யற்கரையைப் பற்றிக் கிழக்கே சென்று, சேரர் ஆட்சியில் சிறந்திருந்த கரூரை அடைந்தனர். அப்பெருவழியில் கொடுமணல் இருந்தது.

வழி மட்டுமன்றி நிலமும் உதவிற்று. அணித்தேயுள்ள படியூரில் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல்லும், சிவன்மலைப் பகுதியில் நீலக்கல்லும், சென்னிமலைப் பகுதியில் இரும்புத் தாதும் கிடைத்தன. பெரில் இந்தியாவில் கிடைப்பது, பிற இடங்களில் அரியது என்று உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் உரோமர் காசுகள் கிடைத்துள்ளமை அவ்வாணிகத்திற்குச் சான்றாகும்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்னும் ஊரின் அணிகலன்களைப் போற்றுகின்றனர். அக்கொடுமணமே இக்கொடுமணல் என்பர் அறிஞர். 1985ஆம் ஆண்டு முதல் பலமுறை நிகழ்ந்த அகழாய்வுகள் புலவர் கூற்றினை மெய்ப்பித்தன. உடைத்த கல், தேய்த்த கல், துளையிட்ட மணி, மெருகேற்றிய மணி எனத் தொழிலின் படிகள் யாவும் மண்ணுள் கிடைத்தன. இரும்பை உருக்கிய உலைகளும், துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன. ஈமக்குழி ஒன்றில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன.

இவற்றினும் வியப்புத் தருவன எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். 500க்கும் மேற்பட்ட அவ்வோடுகளில் சம்பன், சுமணன், ஆதன் முதலிய பெயர்கள் தமிழ் எழுத்தின் பழைய வடிவிற் காணப்படுகின்றன. அவர்கள் மன்னரல்லர், தம் கலத்தில் தம் பெயரை எழுதிக்கொண்ட ஊர் மக்கள். எழுத்தறிவு அரண்மனையளவில் நின்றுவிடாது எளியோர் வாழ்விலும் பரவியிருந்தது என்பதனை இவ்வோடுகள் உணர்த்துகின்றன.

இவ்வூரை வளர்த்த நொய்யல் பிற்காலத்தில் துன்புற்றது. கொடுமணலை அடுத்த ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்திற்கென அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கவே, சுற்றியுள்ள கிணறுகளும் வயல்களும் உப்பேறிக் கெட்டன. கழிவுநீரை ஆற்றில் விடாமை உறுதியாகும்வரை சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆடைத்தொழில் பல்லாயிரவர்க்கு உணவளிப்பது; எனினும் ஆற்றைக் கெடுத்துப் பெறும் ஊதியம், ஆற்றை நம்பி உழுபவன் வாயுணவைப் பறித்துக்கொள்வதேயாகும்.

பழம்பொருள்களுக்கும் இஃதொக்கும். கொடுமணலின் பழமையிற் பெரும்பகுதி இன்னும் வயல்களின் அடியிற் கிடக்கின்றது. அழகிய மணியென்று கருதி ஒருவன் அதனை எடுத்துச் செல்வானாயின், மணி அவன் கையில் இருக்கும். அது கிடந்த இடமும் ஆழமும் உரைத்திருக்கக்கூடிய வரலாறு அழிந்தொழியும். ஆதலின் மாணாக்கர் இத்தகைய பொருளைக் கண்டால் எடுக்காது ஆசிரியர்க்கும் தொல்லியல் துறையினர்க்கும் அறிவித்தல் வேண்டும். ஒவ்வோர் ஊரின் ஆறும் மண்ணும் அவ்வூரார்க்கு முன்னோர் ஒப்படைத்த செல்வமாம். அதனைக் குறைவின்றிப் பின்னோர்க்கு அளித்தல் நம் கடனாகும்.