ஓரசைவும் மொழியாகும்

நுழையும்முன்

நாவும் கையும் இயங்காத நிலையிலும் சிந்தனை இயங்கிக்கொண்டே இருக்கும். அச்சிந்தனையைச் சொல்லாக்கத் துணைபுரியும் கருவிகளையும், அவற்றுக்குத் தமிழ் எழுத்தமைப்பு அளிக்கும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

பிறப்பிற்கு முன்போ பிறப்பின்போதோ மழலைப் பருவத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பால் உண்டாவது மூளை முடக்குவாதம். மூளைத்தண்டைத் தாக்கும் பக்கவாதமோ, நலமாக இருந்த ஒருவரின் உடல் முழுவதையும் ஒரே நாளில் முடக்கிவிடக்கூடும். காரணங்கள் வெவ்வேறாயினும் பலருக்கு நேர்வது ஒன்றே. எண்ணம் தெளிவாக இருக்க, பேச்சுறுப்புகள் பணிய மறுக்கின்றன. ஊரார் அவரை 'ஒன்றும் புரியாதவர்' என எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். வலி எங்கே என்று சொல்ல இயலாதவருக்கு மருத்துவர் எவ்வாறு மருந்தளிப்பார்? பாடம் புரிந்தும் விடை கூற இயலாத மாணவரை ஆசிரியர் எவ்வாறு மதிப்பிடுவார்?

விடை தேடும் முயற்சிகள் நமக்கு அருகிலேயே நடைபெறுகின்றன. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தென்சென்னையின் கோட்டூர்புரத்தில் உள்ள 'வித்யாசாகர்' அமைப்பு 1985இல் தொடங்கப்பட்டது. இவ்வமைப்பினருடன் இணைந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அஜித் நாராயணன் உருவாக்கிய கருவியே 'ஆவாஸ்'. இந்தியில் இச்சொல்லுக்குக் 'குரல்' என்பது பொருள். இக்கருவிக்கு 2010ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது.

ஆவாஸ் போன்ற கருவிகள் செயற்படும் முறை எளியது. திரையில் படங்களோ சொற்களோ வரிசையாகத் தோன்றும். ஒளிக்கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின்மீது நகரும். வேண்டிய இடத்தை அது அடைந்ததும் பயனாளர் ஒரு விசையை அழுத்துவார். விரலால்தான் அழுத்தவேண்டும் என்பதில்லை. தலையின் சாய்வோ முழங்காலின் சிற்றசைவோ போதும். தேர்ந்த சொற்களைக் கருவி உரக்கப் பேசும். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தம் இறுதி ஆண்டுகளில் கன்னத் தசையின் துடிப்பைக்கொண்டே எழுதினார்; மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அத்துடிப்பை அறிந்தது. அவருக்கென இன்டெல் நிறுவனம் அமைத்த மென்பொருள், 2015இல் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் ஏற்றவகையில் இலவசமாக வெளியிடப்பட்டது.

படங்களைக் கொண்டு பசியையும் வலியையும் கூறிவிடலாம். நினைத்ததையெல்லாம் கூறுவதற்கு எழுத்து வேண்டும். பிரெஞ்சு இதழாசிரியர் ழான் தொமினிக் பொபி 1995இல் பக்கவாதத்தால் முடங்கினார். இடக்கண்ணின் இமை ஒன்றே அவருக்கு மிஞ்சியது. பிரெஞ்சு மொழியில் மிகுதியாகப் பயிலும் எழுத்து முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, ஒருவர் எழுத்துகளைப் படித்துக்கொண்டே வருவார். உரிய எழுத்து வந்ததும் பொபி இமைப்பார். இவ்வாறே ஒரு நூலை முடித்தார். அது 1997இல் வெளிவந்தது.

இருபத்தாறு எழுத்துகளுக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமெனின், 247 எழுத்துகளையுடைய தமிழுக்கு என்ன வழி? நொடிக்கு ஓர் எழுத்தாக ஒளி நகர்ந்தால், ஓர் எழுத்தைத் தேர சராசரியாக 124 நொடிகள் ஆகும். ஆனால் நாம் தொடக்கப்பள்ளியில் கண்ட எழுத்து அட்டவணையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு உயிருடன் ஆய்தம் சேர்ந்து ஒரு வரிசை. அதில் 13 எழுத்துகள். ஒவ்வொரு மெய்யும் தன் பன்னிரண்டு உயிர்மெய்களோடு சேர்ந்து ஒரு வரிசை, அதிலும் 13. ஆக 19 வரிசைகள், 13 நிரல்கள். பெருக்கினால் ஒரு கட்டமும் வீணாகாமல் 247. முதலில் வரிசையையும் பின்னர் நிரலையும் தேர்ந்தால் சராசரியாக 17 நொடிகள் போதும். உயிரும் மெய்யும் கூடி எழுத்தாகும் நம் நெடுங்கணக்கு, இத்தகைய கருவிக்கென்றே வகுத்ததுபோல் அமைந்துள்ளது!

இலக்கணமும் இங்கு உதவும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு மெய்களின் வரிசைகள் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா என்பது நீங்கள் பயின்ற மொழிமுதல் எழுத்து விதி. சொல்லின் தொடக்கத்தில் அவ்வரிசைகளை மென்பொருள் இறுதிக்குத் தள்ளிவிட்டால் காத்திருப்பு மேலும் குறையும். முற்றிலும் நீக்கிவிடலாகாது, 'லதா', 'ரவி' என்னும் பெயர்களை அவர் எழுத வேண்டாமா?

எவ்வளவு விரைவுபடுத்தினாலும் இம்முறை, நாவால் பேசும் விரைவை எட்டுவதில்லை. எனவே கேட்பவரின் பண்பையும் கருவியின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். பாதிச்சொல் வந்தவுடனேயே மீதியை ஊகித்துக் கூறிவிடும் ஆர்வம் நம் பலருக்கும் உண்டு, உதவுவதாகவே எண்ணுகிறோம். பயனாளரோ தாம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நாம் ஊகித்ததற்கு இசைந்துவிட நேர்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 'தகவல் தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்தில் இத்தகைய மாற்றுவழிகளும் அடங்கும். ஆதலின், விசையழுத்தி எழுதுபவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே கொள்ளவேண்டும். முழுச்சொற்றொடர்களை முன்கூட்டியே சேமித்து, ஒரே அழுத்தத்தில் ஒலிக்கச் செய்யும் வசதி இக்கருவிகளில் உண்டு. அன்றாடத் தேவைக்கான தொடர்களோடு பயனாளர்கள் சேமித்துக்கொள்ளும் மற்றொரு தொடர்: "பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை."