கருத்தரிப்புச் சிகிச்சையும் உடனிருப்போர் கடமையும்

அன்புத் தங்கைக்கு,

கருத்தடை எதுவுமின்றி ஓராண்டோ அதற்கு மேலோ இணைந்து வாழ்ந்தும் கருவுறாத நிலையை மருத்துவம் குழந்தையின்மை என்று வரையறுக்கிறது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் இந்நிலையைச் சந்திக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பட்டையில், ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ புதிதாக வேலைக்குச் சேரும் பெண், அதே லைனில் நிற்கும் அக்கா ஒருவர் கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பதை என்றேனும் அறிய நேரும். அந்த அக்காவுக்கு ஆறுதல் மொழியைவிட நேரமும் ஆள்துணையுமே பெரிதும் தேவைப்படும் என்பதை விளக்கவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் பிற்பகுதியில் கார் ஆலை எழுந்தது முதல் வளர்ந்துவரும் இத்தொழிற்பட்டை, மின்னணு ஆலைகள் வந்தபின் பெருமளவு இளம்பெண்களின் உழைப்பால் இயங்குகிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய மகளிர் விடுதி அந்த உழைப்பின் அளவைக் காட்டும். அதே ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பது தவிர்க்கப்படுகிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சர்ச்சை எவ்வாறு முடிந்தாலும், மணமாகாத இளம்பெண்ணையே இயல்பான தொழிலாளி என்று எண்ணி வகுக்கப்படும் வேலை அட்டவணையில், குழந்தைக்காக மருத்துவமனைக்கு நடக்கும் பெண்ணுக்கு இடமிருப்பதில்லை.

சிகிச்சையின் அட்டவணையோ சிறிதும் வளைந்துகொடுக்காதது. ஐ.வி.எஃப். என்பது கருமுட்டையை உடலுக்கு வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவுடன் சேர்த்து, உருவாகும் கருவைக் கருப்பையில் வைக்கும் முறை. 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்த காலந்தொட்டு இப்பகுதி மக்கள் கேள்விப்பட்டுவரும் முறைதான் இது. பொதுவாக மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஹார்மோன் ஊசி தொடங்கி, ஏறத்தாழ 10 முதல் 12 நாள் வரை நாள்தோறும் தொடரும். சினைப்பையில் முட்டைப் பைகள் எந்த அளவுக்கு வளர்ந்துள்ளன என்பதைப் பார்க்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கப்படும். அடுத்த ஸ்கேன் எந்த நாளில் என்பது முந்தைய ஸ்கேனைப் பார்த்த பிறகே தெரியும் என்பதால், பத்து நாள் முன்னதாகவே விடுப்பு எழுதிக்கொடு என்று கேட்கும் சூப்பர்வைசரிடம் அக்காவால் சொல்லக்கூடிய விடை எதுவுமில்லை. முட்டைகளை முதிர்விக்கும் இறுதி ஊசி இன்னும் கண்டிப்பானது. அதைப் போட்ட 34 முதல் 36 மணி நேரத்திற்குள் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுக்க வேண்டியிருப்பதால், அவ்வூசி பெரும்பாலும் இரவில், மருத்துவர் குறித்த அதே நேரத்தில் போடப்படுகிறது. அந்த இரவு அக்கா நைட் ஷிஃப்டில் லைனில் நிற்பவராயிருந்தால், ஒரு சுற்றின் செலவும் வேதனையும் வீணாகக்கூடும்.

இவ்விடத்தில்தான் உடன் வேலை செய்வோரின் துணை மருந்துக்கு நிகரான பயன் தருகிறது. ஷிஃப்டை மாற்றிக்கொள்வதும், குளிர்ச்சியில் வைக்க வேண்டிய ஊசி மருந்துக்கு தம் அறையின் ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்குவதும், முட்டை எடுக்கும் நாளில் மயக்கம் தெளியும்வரை காத்திருந்து வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதும் மிகச் சிறிய செயல்களாகத் தோன்றலாம். சொந்த ஊரை விட்டு வாடகை அறையில் வாழும் தம்பதியருக்கு அவற்றைச் செய்ய வேறு யாருமில்லை. முட்டை எடுத்த அடுத்த சில நாட்களில் வயிறு வேகமாக வீங்குதல், விடாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தென்பட்டால், ஊசிகளால் சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டிருக்கலாம் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் தோழியர் அறிந்திருப்பது நல்லது. இவை அனைத்தையும்விடக் கடினமான துணை, வாய்காத்தல். கேன்டீனில் ஒருவர் காதில் விழுந்தது மறுநாள் கம்பெனி பஸ் முழுவதும் பரவும் சூழலில், அக்கா தாமாகச் சொல்லாத ஒன்றை எவரிடமும் சொல்லாதிருப்பது பெரிய உதவி.

வீட்டுத் துணையில் கணவருடைய பங்கே முதலானது. ஏறத்தாழப் பாதி தம்பதியரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாக இருப்பதால், பெண்ணுக்குப் பல சோதனைகள் நடக்கும்முன் எளிதும் மலிவுமான விந்துப் பரிசோதனையைக் கணவர் செய்துகொள்வதே முறை. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதாலும், நீண்டகால மிகுவெப்பம் அதைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், உலைக்களம் போன்ற வெப்பமான பிரிவில் வேலை செய்வோர் அதை மருத்துவரிடம் சொல்வது பயனுள்ளது. “ஏதாவது விசேஷமா?” என்ற கேள்வி ஏனோ பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசரின் பெற்றோர் நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்து, திருவல்லிக்கேணிக்குச் சென்று வேள்வி செய்தனர் என்று வைணவ மரபு கூறுகிறது. இந்த மண்ணின் மிகப் பெரிய பெயரோடு இணைந்த அவ்வரலாற்றில் இருவரும் சேர்ந்தே சென்றனர் என்பது கணவன்மாருக்கு நினைவூட்டத் தக்கது. கருவைக் கருப்பையில் வைத்த பிறகு வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்று வற்புறுத்தும் மாமியாருக்கும், அவ்வாறு கிடப்பதால் கரு ஒட்டும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதைப் பக்குவமாக எடுத்துரைக்க வேண்டியவர் மகனே.

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு ஆகியவற்றைத் தம்பதியருக்கு விளக்கி ஆலோசனை தருவதை மருத்துவமனையின் கடமையாக்குகிறது. ஆகவே கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவது உரிமையைப் பயன்படுத்துவதே. எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் அமைந்திருப்பது, தனியார் கட்டணத்தைக் கண்டு பின்வாங்குவோர் முதலில் விசாரிக்க வேண்டிய செய்தி. ஆயினும் 2017இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட மகப்பேறு விடுப்பு கருவுற்றோருக்கு உரியது; கருவுறுவதற்காகச் செலவாகும் நாட்கள் சம்பளப் பிடித்தத்திலேயே கழிகின்றன. சிகிச்சைக்கான விடுப்பைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.

கருவை வைத்த ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லிவிடும். பல சுற்றுகள் தோல்வியில் முடிகின்றன. அன்று அக்காவின் ஷிஃப்டை வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது அவர் வேலைக்கே வர விரும்பினால் பக்கத்தில் நின்று வழக்கம்போல் வேலை செய்யலாம். எது வேண்டும் என்று அவரிடமே கேட்பது சிறந்தது. வேறு மருத்துவமனையின் பெயரையோ, பக்கத்து வீட்டாருக்குப் பலித்த மருந்தையோ, தத்தெடுக்கும் யோசனையையோ அவர் கேட்கும்வரை சொல்ல வேண்டியதில்லை; மறுபடி முயல்வதும் நிறுத்துவதும் அத்தம்பதியர் இருவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு.

அன்புடன்,
அக்கா