விற்க வழி உண்டா?

அன்பு மருமகனுக்கு,

கிரிப்டோ டோக்கன் வாங்க முற்படுவோர் அதன் விலை இன்னும் எவ்வளவு ஏறும் என்பதையே முதலில் ஆராய்கின்றனர். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஐயம், வாங்கியதை விற்க வழி இருக்கிறதா என்பதாகும். பிட்காயின் தனக்கென அமைந்த பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் ஒருங்கே காத்துவரும் பொதுப் பேரேட்டில் இயங்குவது; டோக்கனோ, பிறர் அமைத்த பேரேட்டின்மீது எவரும் சில நிமிடங்களில் ஏற்றிவிடக்கூடிய சிறு நிரல். ‘ஸ்மார்ட் காண்ட்ராக்ட்’ எனப்படும் அந்நிரலை எழுதியவர், யார் விற்கலாம், விற்கும்போது எவ்வளவு கழிவு பிடிக்கப்படும், புதிய டோக்கன்களை அச்சிடும் உரிமை யாருக்கு என்பவற்றை அதிலேயே வரையறுத்துவிடுகிறார்.

2021 அக்டோபர் இறுதியில் வெளிவந்த ‘ஸ்க்விட்’ டோக்கன் இதற்குத் தக்க சான்று. நெட்ஃபிளிக்ஸில் புகழ்பெற்ற கொரியத் தொடரின் பெயரை, அத்தொடருடன் எத்தொடர்பும் இன்றிச் சூடிக்கொண்ட அது, ஒரு சென்ட் அளவில் தொடங்கி, நவம்பர் 1 அன்று 2,800 டாலரைக் கடந்து, சில நிமிடங்களில் ஏறத்தாழச் சுழியத்தில் விழுந்தது. அமைப்பாளர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு மறைந்தனர். வாங்கியவர்களால் விற்க இயலவில்லை என்ற முறையீடு வீழ்ச்சிக்கு முன்பே எழுந்திருந்தும் பணம் வந்து குவிந்தது. விற்பவரே இல்லாத சந்தையில் விலை ஏறாமல் வேறென்ன செய்யும்?

நிரல் தடுக்காவிடினும், திரையில் தெரியும் விலை கைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. புதிய டோக்கன்கள் பெரும்பாலும் ‘லிக்விடிட்டி பூல்’ எனப்படும் பொதுக் குவியலில்தான் கைமாறுகின்றன. அதில் ஒருபுறம் டோக்கனும், மறுபுறம் ஈதர் போன்ற மதிப்புள்ள நாணயமும் இருக்க, இரண்டின் பெருக்குத்தொகை மாறாதவாறு விலை தானே அமைகிறது. குவியலில் 1 லட்சம் டோக்கனும் 10 லட்சம் ரூபாய் பெறுமான ஈதரும் இருந்தால் விலை 10 ரூபாய். ஆனால் 1 லட்சம் டோக்கன் வைத்திருப்பவர் அத்தனையையும் ஒரே வீச்சில் விற்றால், கிடைப்பது 10 லட்சம் அன்று, 5 லட்சம். அடுத்து வருபவர் காணும் விலை இரண்டரை ரூபாய். குவியலை இட்டவரே அதைத் திரும்ப எடுத்துவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே குவியலின் அளவு, இட்டவர் திரும்ப எடுக்க இயலாதவாறு அது எத்தனை காலம் பூட்டப்பட்டுள்ளது, டோக்கனை மிகுதியாக வைத்திருக்கும் முதல் பத்து வாலட்களில், அதாவது கணக்குகளில், எவ்வளவு பங்கு உள்ளது ஆகியவற்றை அந்தந்தப் பிளாக்செயினின் பொதுப் பதிவுத் தளத்திலேயே பார்த்துவிட வேண்டும்; அதற்குக் கட்டணமில்லை. சிறு தொகைக்கு வாங்கி உடனே விற்றுப் பார்ப்பதும் நன்றே, எனினும் விதிகளை மாற்றும் அதிகாரம் உரிமையாளரிடம் எஞ்சியிருப்பின் இன்று திறந்திருக்கும் கதவு நாளை சாத்தப்படலாம். நிரலைச் சரிபார்த்ததாகக் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழைப் பெரிதாக மதிக்க வேண்டியதில்லை: அது நிரலின் பிழையைச் சொல்லுமேயன்றி, எழுதியவரின் நாணயத்தைச் சொல்லாது.

லாபம் வந்தாலும் 2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அதற்கு 30 விழுக்காடு வரி. ஒரு டோக்கனில் கண்ட நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவோ சட்டம் இடம் தருவதில்லை.

இப்படிக்கு,
மாமா